மூன்றாவது கட்டம்

நகோயாவில் யாரோ
பன்னிரண்டு வருடம் ஓட்டிச் சலித்த கார்
கப்பலேறி, ரயிலேறி
உலான்பாத்தருக்கு வந்து சேர்ந்தது.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
இந்த ஊரில் வண்டி போவதும் வலப்பக்கம்.
லாரியை முந்த வேண்டுமென்றால்
இடப்பக்க இருக்கைக்காரரைத்தான் கேட்கவேண்டும்:
"எதிரே ஏதாவது வருதா?"

அதுகூடப் பழகிவிட்டது செவெல்மாவுக்கு.
பழகாதது திரைதான்.

நடுவே கையகல வெளிச்சம்,
அதில் குச்சி குச்சியாய் எழுத்து.
ஒன்று கூரை வேய்ந்த வீடு மாதிரி,
ஒன்று சாய்ந்த ஏணி,
ஒன்று மழையில் நிற்கிற குதிரை.
வீட்டை அமுக்கினால் வரைபடம் வரும்.
எங்கே போனாலும் அதில்
கார் கடலுக்குள் நிற்கும்.
ஏணியை அமுக்கினால் வெறும் இரைச்சல்.
குதிரையை அமுக்கி, அம்பை அமுக்கி,
மூன்றாவது கட்டத்தைத் தொட்டால்
முன்கண்ணாடிக்குச் சூடான காற்று.

விற்றவன் தொட்டுக் காட்டினான்,
"பாருங்கள், எவ்வளவு சுலபம்!"
உண்மைதான்.
வண்டி சந்தையில் நின்றிருந்தது.

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் பேசுவாள்,
வெண்ணெய் தடவிய குரல், ஒரே வாக்கியம்.
பத்திரமாகப் போய் வா என்கிறாள்
என்று நினைத்து
"சரி அக்கா" என்பாள் செவெல்மா, தினமும்.

ஜனவரி. அர்வைகேர் சாலை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஐந்து பேருடைய மூச்சு,
காலடியில் ஒரு மூட்டை இறைச்சி,
பின்னிருக்கையில் யாரோ திறந்த சூடான பால்தேநீர்.
கண்ணாடியில் ஓரத்திலிருந்து
வெள்ளை ஏறத் தொடங்கியது.
வெளியே பார்க்க ஒரு திரை,
அதை விலக்க உள்ளே இன்னொரு திரை.

குனிந்தாள்.

கண்ணிமைக்க ஒரு மாத்திரை.
மூன்றாவது கட்டத்தைத் தேடப்
பத்து மாத்திரை.
எண்பதில் ஓடும் வண்டிக்கு
அது கிட்டத்தட்ட தொண்ணூறு மீட்டர்.
தடித்த கையுறை குதிரையைத் தொடாமல்
ஏணியைத் தொட்டது.
இரைச்சல்.
"குதிரை!" என்று கத்தினார் எர்ஹெம்.
"அதைத்தான் தேடறேன்" என்றாள் இவள்.

சாலையில் நிஜமாகவே நின்றன, ஆறேழு,
பிடரியெல்லாம் பனி,
ஒதுங்குகிற எண்ணமே இல்லாமல்.

வண்டி சறுக்கி, அரைவட்டம் போட்டு,
வந்த திசையைப் பார்த்து நின்றது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
தேநீர் மட்டும் கொட்டி
மூட்டைமேல் உறைந்துகொண்டிருந்தது.
குதிரைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயின.

அன்றிரவு தன் பழைய தேல் அங்கியிலிருந்து
ஒரு துணிப் பொத்தானை அறுத்து
மூன்றாவது கட்டத்தின்மேல் ஒட்டினாள்.
கண் வேண்டாம், விரல் போதும்.
நல்ல யோசனை, இரண்டு நாளைக்கு.
மூன்றாம் நாள் பொத்தானை அமுக்கினாள்,
கடல் வந்தது.
பொத்தான் அதே இடத்தில்தான் இருந்தது,
அடியில் பக்கம் மாறியிருந்தது.

சப்போரோவில் படித்துத் திரும்பிய ஒட்கோன்
ஒருநாள் பயணியாக வந்தாள்.
குரலைக் கேட்டதும் சிரித்தாள்.
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை என்கிறாள்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
ஆறு வருடம்.
இங்கே அப்படியொரு அட்டையே கிடையாது.

எழுத்துகளையும் வாசித்துச் சொன்னாள் ஒட்கோன்.
மழையில் நின்ற குதிரைக்குக்
குளிர்சாதனம் என்று பொருளாம்.
செவெல்மா கேட்டுக்கொண்டாள்,
அர்வைகேர் வருவதற்குள் மறந்துவிட்டாள்.
பெயர் தெரிந்து என்ன,
பார்க்காமல் தொட முடியவேண்டுமே.

இப்போது அவள் காரில்
முன்னிருக்கைக்கு ஐயாயிரம் துக்ரிக் குறைவு.
ஏறும்போதே சொல்லிவிடுகிறாள்:
எதிரே வருவதைப் பார்க்கவேண்டும்.
கண்ணாடி வெளுத்தால்
குதிரை, அம்பு, மூன்றாவது கட்டம்.
தூங்கக்கூடாது.

பிறகு சாவியைத் திருப்புகிறாள்.
அந்தப் பெண் அட்டையைக் கேட்கிறாள்.
"சரி அக்கா" என்கிறாள் செவெல்மா.